வெள்ளத்தில் கலந்திருப்பது: வடசென்னையில் பேரிடரும் சுற்றுச்சூழல் சுகாதாரமும்

கேள்வி

2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையில், பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள 14ஆம் எண் ரயில்வே பாலத்தில் நீர்மட்டம் அபாய அளவைத் தாண்டியது. சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்பட வேண்டிய ரயில்களைத் தெற்கு ரயில்வே ரத்து செய்தது. பெருமழைக் காலங்களில் சென்னைவாசிகளுக்குப் பழகிப்போன அறிவிப்பு இது. ஆயினும் அதன் பின்னால் இருக்கும் ஒழுங்கு கவனத்துக்குரியது. பாலத்துக்கு எண் உண்டு. அதற்கென ஓர் அபாய அளவு உண்டு. அதைப் பார்த்துச் சொல்ல ஆள் உண்டு. சொன்ன மாத்திரத்தில் ரயிலை நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் உண்டு. அதே மழையின்போது, பேசின் பிரிட்ஜிலிருந்து வடக்கே திருவொற்றியூர் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குச் செல்லும் பக்கிங்காம் கால்வாயில், மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கலந்தது. திருவொற்றியூர் மேற்கில் வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம் எண்ணெயோடு புகுந்தது. அந்த நீரில் இருப்பது இன்னதென்று அறிந்து, அதில் இறங்காதீர்கள் என்று சொல்லவேண்டியவர் யார் என்பது அன்று எவருக்கும் தெளிவாக இல்லை.

நீரின் மட்டத்தை அளக்கத் தெரிந்த நிர்வாகம், நீரில் கலந்திருப்பதை அறிவதற்கு ஏன் ஏற்பாடு செய்துகொள்ளவில்லை? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். பேரிடர் நேரத்தில் சுற்றுச்சூழல் சுகாதாரத்தைக் காப்பது குறித்து நம்மிடம் நீண்ட மரபு இருக்கிறது. அந்த மரபு கிருமியை எதிர்கொள்வதற்காக உருவானது. ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள தொழிற்பட்டையில் வெள்ளம் கிருமியை மட்டும் கொண்டுவருவதில்லை. வெள்ளத்துக்கு ஒரு திட்டம், ஆலை விபத்துக்கு வேறொரு திட்டம் என்று இரண்டையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்திருக்கும்வரை, இப்பகுதி மக்களின் உடல்நலம் இரண்டுக்கும் நடுவில் விடுபட்டுக்கொண்டே இருக்கும் என்பது என் வாதம்.

பஞ்சம் தந்த மரபு

இந்த வாதத்தைத் தொடங்கப் பொருத்தமான இடம் அந்தக் கால்வாயேதான். சென்னையிலிருந்து எண்ணூர் செல்லும் வடபகுதி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியோ 1876-78 பெரும்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக, பசித்தவர்களின் கையால் தோண்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு எவ்வளவு கூலி என்பதில் அன்று நடந்த சர்ச்சை, பேரிடர்க்காலச் சுகாதாரம் பற்றிய நவீனச் சிந்தனையின் முன்னோடிகளுள் ஒன்று. இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், ஒரு நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்று குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு அந்த அளவு போதாது என்பதும், மெலிந்த உடலை முகாமின் நோய்கள் எளிதில் கொண்டுபோகும் என்பதும் அவர் நிலைப்பாடு. கூலி பின்னர் உயர்த்தப்பட்டது. பட்டினியால் சாவதும் காலராவால் சாவதும் நிர்வாகப் பட்டியலில் வெவ்வேறு இனங்களாக இருக்கலாம், சாகிறவருக்கு அவை ஒன்றே என்று ஒரு சுகாதார அதிகாரி அரசுக்குள்ளிருந்தே சொன்ன தருணம் அது. அதற்கும் ஏறத்தாழ நூறாண்டுக்கு முன், 1782இல், பஞ்சத்தால் வந்து சேர்ந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கப்பட்ட மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வட்டாரத்து முதியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள்.

பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் பிறந்த இந்த மரபு 20ஆம் நூற்றாண்டில் உலகளாவிய விதிகளாக உருப்பெற்றது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் வெளியிட்ட அவசரகாலச் சுற்றுச்சூழல் சுகாதார வழிகாட்டி, 1997இல் தொடங்கிய ஸ்பியர் திட்டத்தின் தர அளவுகள் ஆகிய இரண்டும் இதன் வாரிசுகளே. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பன போன்ற அளவுகளை நிவாரணப் பணியாளர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்தியாவின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் (2005), 12ஆம் பிரிவில், நிவாரண முகாம்களில் உறைவிடம், உணவு, குடிநீர், மருத்துவ வசதி, துப்புரவு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கச் சொல்கிறது. சென்னையில் வெள்ளம் வடியத் தொடங்கியதும் நாம் காண்பவை அனைத்தும் இந்த மரபின் செயல்களே: குளோரின் கலந்த தண்ணீர் லாரி, தெருவெங்கும் பிளீச்சிங் பவுடர், மருத்துவ முகாம், கொசுப்புகை, காய்ச்சிய நீரைப் பருகுங்கள் என்ற ஒலிபெருக்கி அறிவிப்பு. இவற்றின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரை முகாம்களில் எதிர்பார்க்கப்பட்ட பெரும் தொற்றுநோய்ப் பரவல் நிகழாமல் போனதில் இந்தப் பணிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அந்த ஒலிபெருக்கி அறிவிப்பையே எடுத்துக்கொள்வோம். நீரைக் காய்ச்சினால் காலராக் கிருமி சாகும். எண்ணெய் கலந்த நீரைக் காய்ச்சினால் அதிலுள்ள பென்சீன் போன்றவை ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும். கனமான ஹைட்ரோகார்பன்கள் பாத்திரத்திலேயே தங்கும். பிளீச்சிங் பவுடர் சுவரில் படிந்த எண்ணெய்க் கறையை ஒன்றும் செய்யாது. இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் எண்ணெய் கலப்பது கற்பனையான அபாயமும் இல்லை. தண்டையார்பேட்டையில் 2013இல் ஆழ்துளைக் கிணறுகளில் பெட்ரோலிய வாடையுடன் நீர் வந்ததும், துறைமுகத்திலிருந்து வரும் எரிபொருள் குழாயில் கசிவு கண்டறியப்பட்டதும் பதிவான செய்திகள். எனவே வடசென்னையில் வழக்கமான வெள்ளகால அறிவுரை தவறாகிவிடக்கூடிய சூழல்கள் உண்டு. எந்த அறிவுரை பொருந்தும் என்று முடிவுசெய்ய, முதலில் நீரில் இருப்பது இன்னதென்று தெரிந்தாக வேண்டும்.

2023 டிசம்பர்: இரு விபத்தா, ஒரே பேரிடரா?

இந்தப் பட்டையின் அமைப்பைச் சுருக்கமாகவேனும் நினைவில் கொள்ளவேண்டும். ஓட்டேரி நல்லா பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. கால்வாய் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூரைக் கடந்து, கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் எண்ணூர் கழிமுகத்தை அடைகிறது. அதன் மேற்கே கொடுங்கையூர் குப்பைமேடு, மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உர, பெட்ரோ ரசாயன ஆலைகள்; வடக்கே அனல்மின் நிலையங்கள், சாம்பல் குளங்கள், காமராஜர் துறைமுகம். நாட்டின் தொழிற்பகுதிகளை மாசு அளவின்படி வரிசைப்படுத்தி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட குறியீட்டில், மணலி 76.32 புள்ளிகளுடன் கடுமையாக மாசடைந்த பகுதிகளுள் ஒன்றாக இடம்பெற்றது. சுருங்கச் சொன்னால், நகரின் வடபாதியில் பெய்யும் மழைநீர் கடலைச் சேரும் வழியும், நகரின் ஆபத்தான பொருள்கள் இருப்பு வைக்கப்பட்டுள்ள இடமும் ஒன்றே.

2023 டிசம்பரில் இந்த நிலப்பகுதியில் நடந்த இரண்டு நிகழ்வுகள் தனித்தனியாகவே பேசப்பட்டுவந்தன. முதலாவது, மேலே சொன்ன எண்ணெய்க் கசிவு. ஆண்டுக்கு 105 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனுள்ள சென்னை பெட்ரோலியம் கழகத்தின் மணலி ஆலை வளாகத்திலிருந்து, மழைநீரோடு எண்ணெய் வெளியேறிக் கால்வாய் வழியாகக் கழிமுகத்தையும் கடலையும் அடைந்தது. குழாய்க் கசிவு எதுவும் இல்லை என்றும் அசாதாரண வெள்ளமே காரணம் என்றும் நிறுவனம் சொன்னது. வளாகத்தின் மழைநீர் மேலாண்மை போதாமல் இருந்ததைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. எண்ணெய் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரப்புக்குப் பரவியிருந்ததாகக் கடலோரக் காவல்படை கணித்தது. எண்ணூர் குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம், காட்டுக்குப்பம் ஆகிய ஊர்களின் படகுகளும் வலைகளும் கரியால் மெழுகியதுபோல் ஆயின. சதுப்பில் அலையாத்திச் செடிகளின் அடிமரத்தில் எண்ணெய் படிந்தது. கூழைக்கடாக்கள் எண்ணெய் தோய்ந்த சிறகோடு காணப்பட்டன.

இரண்டாவது நிகழ்வு, அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி நடந்தது. எண்ணூர் பெரியகுப்பத்தை ஒட்டிய கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில், கரைக்கு அருகே கசிவு ஏற்பட்டது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக எழுந்த மக்கள் இருட்டில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 50க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். காற்றில் அம்மோனியா ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது. அனுமதிக்கப்பட்ட 24 மணி நேரச் சராசரி 400. கசிவிடத்தின் கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. பின்னர் ஆராய்ந்த தொழில்நுட்பக் குழு முன்வைத்த விளக்கம்தான் நம் கேள்விக்கு முக்கியமானது. குழாயைச் சுற்றிப் போடப்பட்டிருந்த கருங்கற்கள் மிக்ஜாம் புயலின்போது இடம்பெயர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கக்கூடும் என்றது அக்குழு.

அந்த விளக்கத்தை ஏற்றால், இரண்டும் ஒரே புயலின் விளைவுகள். ஒன்று மழையோடு உடனே வந்தது. மற்றது மூன்று வாரம் கழித்து, வானம் வெளுத்து, நிவாரணத் தொகை விநியோகம் நடந்துகொண்டிருந்த நாள்களில் வந்தது. இயற்கைச் சீற்றம் ஆலை விபத்தைத் தூண்டும் இவ்வகை நிகழ்வுகளைப் பேரிடர் ஆய்வாளர்கள் தனி இனமாகவே வகுத்துப் படிக்கிறார்கள். புயல் கரைகடந்ததும் பேரிடர் முடிந்துவிட்டதாகக் கணக்கை மூடும் வழக்கம் இங்கே ஆபத்தானது. மிக்ஜாமுக்குப் பின் வீடுகளையும் சாலைகளையும் மின்கம்பங்களையும் ஆய்வு செய்தோம். கடலடிக் குழாயை, எண்ணெய்த் தொட்டிகளின் அணைகரையை, சாம்பல் குழாய்களை, குப்பைமேட்டின் கசிவுநீரை அதே அவசரத்தோடு ஆய்வு செய்யும் கடமையை எந்தப் பேரிடர் ஆணையும் எவர்மேலும் சுமத்தவில்லை. அதைச் செய்திருந்தால் 26ஆம் தேதி இரவு நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கப்பல் வந்து குழாயில் அம்மோனியா ஏற்றத் தொடங்கும் முன், குழாய் பழுதின்றி இருக்கிறதா என்று கேட்கவேண்டிய ஒருவர் இருந்திருப்பார்.

வாளியும் கையும்

எண்ணூர் மக்களுக்கு எண்ணெய் புதிதல்ல. 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. கசிவே இல்லை என்பதுதான் முதலில் வந்த செய்தி. பிறகு கரையில் ஒதுங்கிய கெட்டிக் கசடைத் தன்னார்வலர்களும் மாணவர்களும் மீனவர்களும் வாளிகளில் அள்ளிக் கைமாற்றிய காட்சி நாடெங்கும் பரவியது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து, கால்வாயும் கழிமுகமும் எண்ணெயால் மூடியபோதும், குவளையும் வாளியுமே முதல் கருவிகளாக இருந்தன. வாழ்வாதாரம் முடங்கிய மீனவர்களே கூலிக்கு அமர்த்தப்பட்டுத் தங்கள் படகுகளில் சென்று எண்ணெயை அள்ளினார்கள். பலருக்குத் தொடக்க நாள்களில் கையுறையோ, சுவாசக் கவசமோ, கால்களைக் காக்கும் காலணியோ இல்லை. தோல் அரிப்பு, கண்ணெரிச்சல், தலைச்சுற்றல் பற்றிய புகார்கள் அப்போதே வந்தன.

ஏன் மறுபடியும் வாளி? கருவிப் பஞ்சம் மட்டும் இதற்குக் காரணமல்ல. நமது தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டம் 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடலில் ஒருங்கிணைப்புப் பொறுப்பு கடலோரக் காவல்படையிடம். 700 டன் வரையிலான கசிவைத் துறைமுகங்களும் எண்ணெய் நிறுவனங்களும் தம் கருவிகளைக் கொண்டே எதிர்கொள்ள வேண்டும். கரையைத் தூய்மை செய்வது மாநில நிர்வாகத்தின் வேலை. எண்ணெய் கப்பலிலிருந்து கடலில் சிந்திக் கரைநோக்கி வரும் என்ற காட்சியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட திட்டம் அது. 2023இல் எண்ணெய் எதிர்த்திசையில் வந்தது: ஆலையிலிருந்து வடிகால், வடிகாலிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குடியிருப்பு, கழிமுகம், பிறகு கடல். ஆழமற்ற, சேறு நிறைந்த, வெள்ளம் ஓடும் கால்வாயில் மிதவைத் தடுப்பைக் கட்டுவது யார் பொறுப்பு என்று தீர்மானிப்பதற்குள் எண்ணெய் முகத்துவாரத்தைத் தாண்டிவிட்டது. பணி வேகம் பிடித்தது தீர்ப்பாயம் கெடு விதித்த பிறகுதான்.

அள்ளியவர்களின் உடலில் என்ன நேர்ந்தது என்பதைத் தொடர்ந்து அறிய உலகில் முன்மாதிரிகள் பல உள்ளன. ஸ்பெயினின் கலிசியா கடற்கரையில் 2002இல் பிரஸ்டீஜ் கப்பல் மூழ்கியபோது தூய்மைப் பணியில் ஈடுபட்ட மீனவர்களை ஆய்வு செய்தவர்கள், ஓராண்டுக்கும் மேல் கழிந்த பின்னரும் அவர்களிடம் சுவாசக் கோளாறுகள் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். தென்கொரியாவின் தேயான் கடற்கரையில் 2007இல் ஹெபெய் ஸ்பிரிட் கசிவுக்குப் பின் வட்டாரச் சுற்றுச்சூழல் சுகாதார மையம் ஒன்று நிறுவப்பட்டு, மக்களின் உடல்நிலை ஆண்டுக்கணக்கில் பின்தொடரப்பட்டது. மெக்சிகோ வளைகுடாவில் 2010இல் நடந்த டீப்வாட்டர் ஹொரைசன் கசிவின் தூய்மைப் பணியில் ஈடுபட்டவர்கள், அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் என ஏறத்தாழ 33,000 பேரைப் பதிவுசெய்து அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தது. எண்ணூரில் குறைந்தபட்சம் எண்ணெய் அள்ளியவர்களின் பெயர்ப் பதிவேடாவது வேண்டும். கூலி கொடுத்த ஒப்பந்ததாரரின் வருகைப் பட்டியல் இருந்தால்கூட அதிலிருந்து தொடங்கிவிடலாம். ஸ்டான்லியின் மருத்துவர்களாலும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களாலும் செய்ய முடியாத வேலை அல்ல இது.

எதிர்வாதங்கள்

இந்த நிலைப்பாட்டுக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுள் வலுவானது, உயிரைக் காப்பது முதலில், மாசைப் பார்ப்பது பிறகு என்ற வாதம். மார்பளவு வெள்ளத்தில் முதியவரைத் தோளில் தூக்கி வருபவரிடம் ஹைட்ரோகார்பன் அளவைப் பேசுவது அபத்தம் என்பது உண்மை. ஆனால் அந்த மீட்புப் பணியாளரும் அதே நீரில்தான் நிற்கிறார். நீரில் எண்ணெய் இருப்பது தெரிந்தால் பீடி பற்றவைக்கக் கூடாது, மின்மோட்டாரை இயக்கக் கூடாது, மீட்கப்பட்டவர்களை முகாமில் சேர்த்ததும் சோப்பால் கழுவிக் குளிக்க நீரும் மாற்றுத்துணியும் தர வேண்டும் என்பவை உடனடி உயிர்காப்பு நடவடிக்கைகளே. அம்மோனியா விஷயத்தில் இந்த வாதம் நிற்பதே இல்லை. ஆழிப்பேரலையின் 19ஆம் ஆண்டு நினைவுநாளன்று இரவு வீட்டைவிட்டு ஓடிய மக்களுக்கு, கடலிலிருந்து விலகி ஓடவேண்டும் என்ற பாடம் பழக்கமானது. வாயுக் கசிவிலோ காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலக வேண்டும், ஈரத்துணியால் மூக்கை மூட வேண்டும். ஆலையில் பெரும் விபத்து நேர்ந்தால் அருகில் வாழ்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிவிப்பது, 1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகளின்படி ஆலையின் கடமை. உயிர் முதலில் என்பதை ஏற்பவர்கள் இந்தத் தகவல் கடமையையே முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது வாதம், மழை வரலாறு காணாதது, எனவே எவர்மேலும் பழி இல்லை என்பது. சென்னையின் பல இடங்களில் இரண்டு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை மறுக்க முடியாது. ஆனால் 2015 வெள்ளத்துக்குப் பின், இப்படி ஒரு மழையை எதிர்பார்க்கவில்லை என்று சொல்லும் உரிமையை இந்நகரின் ஆலைகள் இழந்துவிட்டன. சட்டமும் இந்த வாதத்தை ஏற்பதில்லை. 1985 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஒலியம் கசிவை ஒட்டி, எம். சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் வகுத்த முழுப்பொறுப்புக் கோட்பாடு, அபாயகரமான தொழிலை நடத்துபவருக்கு இயற்கையின் செயல் என்ற விலக்கைக் கொடுக்கவில்லை. பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் (2010) விபத்துகளில் தவறு நிரூபணம் தேவையற்ற பொறுப்பையே பின்பற்றச் சொல்கிறது. அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா புயல் வெள்ளம் மர்பி எண்ணெய் நிறுவனத்தின் சேமிப்புத் தொட்டி ஒன்றைத் தூக்கி நகர்த்தியதில், 25,000 பீப்பாய்க்கு மேல் கச்சா எண்ணெய் பரவி ஏறத்தாழ 1,800 வீடுகளில் படிந்தது. புயலைக் காரணம் காட்டிப் பொறுப்பு கழியவில்லை. அருகிலிருந்த வீடுகளை விலைக்கு வாங்குவது, தூய்மை செய்வது உட்பட 33 கோடி டாலர் மதிப்பில் வழக்கு முடிந்தது.

மூன்றாவது வாதம் நுட்பமானது. இம்மக்கள் பல பத்தாண்டுகளாகச் சாம்பலையும் புகையையும் சுவாசித்து வருபவர்கள். அவர்களுடைய இருமலில் புயலின் பங்கு எவ்வளவு, வழக்கமான மாசின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? அறிவியல் நோக்கில் இது நியாயமான கேள்வி. பிரிக்க முடியாமல் இருப்பதற்குக் காரணம், பேரிடருக்கு முந்தைய உடல்நிலை பற்றிய அடிப்படைத் தரவைத் திரட்டாமல் விட்டதே. தரவைத் திரட்டாத அரசும் ஆலைகளும் அத்தரவின்மையையே காட்டித் தப்பிக்க இடம் கொடுக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில், போருக்குப் பிந்தைய மீட்சிக் காலத்தில், மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்தது பற்றிய வழக்கிலும் மாசின் மூலத்தைக் குறித்த சர்ச்சைகள் நீண்டன. இலங்கை உச்ச நீதிமன்றம் 2019இல் மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஐயத்தின் சுமையை முழுவதும் கிணற்றுக்காரர்மேல் ஏற்றாமல் தீர்ப்பு வழங்க முடியும் என்பதற்கு அது சான்று.

மக்களை வேறிடத்துக்கு மாற்றிவிடலாமே என்பதும் சொல்லப்படுகிறது. ஆலைகளுக்கு முன்பே இருந்தவை இக்குப்பங்கள். கழிமுகத்தைவிட்டு அகன்றால் இறாலும் நண்டும் மடவையும் இல்லை, பிழைப்பு இல்லை. இடம்மாற்றம் சுகாதாரத்தைத் தானாகக் காப்பதும் இல்லை. ஆழிப்பேரலையில் வீடிழந்த வடசென்னைக் கடற்கரைக் குடும்பங்கள் திருவொற்றியூர் கார்கில் நகரின் தற்காலிகக் கொட்டகைகளில் வைக்கப்பட்டன. தாழ்வான அந்த இடத்தில் மழைநீர் புகுந்தது. 2015 வெள்ளத்தையொட்டி ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் பலர் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டனர். அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய நிலம்.

நிவாரணத்தின் அலகு

எண்ணெய்க் கசிவுக்கான நிவாரணமாக 2023இல் தமிழ்நாடு அரசு வகுத்த கணக்கைப் பார்த்தால் நாம் எதை இழப்பாகக் கருதுகிறோம் என்பது விளங்கும். ஏறத்தாழ 2,300 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய். மொத்தம் சுமார் 8.68 கோடி. வழக்கமான புயல் நிவாரணத்துக்கு அப்பால், மாசுக்கென்று தனியாக ஒரு தொகை வகுக்கப்பட்டதே முன்னேற்றம். அதை ஏற்றுக்கொண்டுதான் அதன் எல்லையைச் சுட்ட வேண்டும். இக்கணக்கின் அலகுகள் இரண்டு: குடும்பம், படகு. எண்ணெயில் நின்ற நேரம், தோலில் பட்ட அளவு, சுவாசித்த நாள்கள், கருவுற்றிருந்த பெண்கள், ஆஸ்துமா உள்ள குழந்தைகள் என்ற எதுவும் இதில் அலகாகவில்லை. படகே இல்லாமல் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவரின் உடல்தான் அவருடைய தொழில்கருவி. படகுக்குச் சீரமைப்புத் தொகை கொடுக்கும் திட்டம் அவருடைய தோலுக்கு எதுவும் கொடுப்பதில்லை. வலையைக் கழுவும் பெண்கள், மீன் வாங்க ஆளில்லாமல் கூடையோடு திரும்பும் பெண்கள் ஆகியோரும் குடும்பம் என்ற சொல்லுக்குள் மறைந்துபோகிறார்கள்.

கார்னிஷ் அன்று எதிர்த்ததும் இதுபோன்றதொரு கணக்கைத்தான். டெம்பிளின் அலகு தானியத்தின் எடை. கார்னிஷ் கேட்டது அந்த எடை உடலுக்கு என்ன செய்கிறது என்று. இன்றைய நிவாரணத்திலும் உடல் பற்றிய கேள்வியை உள்ளே கொண்டுவர, தொகையோடு சேர்த்து மருத்துவப் பதிவு, குறைந்தது ஐந்தாண்டுத் தொடர் பரிசோதனை, கழிமுக மீனும் நண்டும் உண்ணத் தகுந்தவையா என்று மாதந்தோறும் சோதித்துக் குப்பத்திலேயே தமிழில் அறிவிப்பது ஆகியவை வேண்டும். மீன் சோதனை விற்பனையைக் கெடுக்கும் என்ற அச்சம் மீனவர்களிடம் உண்டு. அதை அலட்சியம் செய்யலாகாது. ஆனால் சோதனை இல்லாத இடத்தில் வதந்தி விலையை நிர்ணயிக்கிறது. ஆழ்கடலில் பிடித்துக் காசிமேட்டில் இறக்கிய மீனும் அதனால் விலைபோகாமல் நின்றுவிடும்.

ஒரே திட்டம்

இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை என்பதுதான் இந்த ஆய்வில் தெளிவாகும் ஆறுதலான செய்தி. 1989 விதிகள் ஆலைக்கு வெளியிலான அவசரகாலத் திட்டத்தையும் ஆண்டுதோறும் அதன் ஒத்திகையையும் கோருகின்றன. 1996 ரசாயன விபத்து விதிகள் மாவட்ட அளவில் நெருக்கடிக் குழுவை அமைக்கச் சொல்கின்றன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2007இலேயே ரசாயனப் பேரிடர் வழிகாட்டியை வெளியிட்டது. குறைவது இணைப்பு. சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களின் வெள்ளத் திட்டமும் மணலி, எண்ணூர் ஆலைகளின் அவசரகாலத் திட்டமும் ஒரே வரைபடத்தில் வரையப்பட வேண்டும். கனமழை எச்சரிக்கை வந்தவுடன் ஒவ்வோர் ஆலையும் தன் மழைநீர் வெளியேறும் வாய்களில் எண்ணெய்ப் பிடிப்பான்களும் மிதவைத் தடுப்புகளும் தயாராக இருப்பதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். கால்வாயின் குறிப்பிட்ட பாலங்களில் நீர்மட்டத்தோடு எண்ணெய், அம்மோனியா, கார அமில அளவையும் பார்க்க ஆள் நியமிக்கப்பட வேண்டும். அந்த அளவு எல்லை தாண்டினால் எந்தத் தெருவுக்கு எந்த அறிவிப்பு, எந்த முகாமில் குளியல் நீர், எந்தப் பகுதிக்குக் கிணற்றுநீர்த் தடை, லாரித் தண்ணீர் எங்கே நிற்கும் என்பவை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். தூய்மைப் பணிக்கு அமர்த்தப்படும் எவரும், பிற மாவட்டங்களிலிருந்து அழைத்துவரப்படும் தூய்மைப் பணியாளர்கள் உட்பட, கவசமும் பெயர்ப்பதிவும் இல்லாமல் அந்த நீரில் இறக்கப்படக் கூடாது. அதற்கான செலவை ஆலை ஏற்க வேண்டும்.

புயல் ஓய்ந்த பின் கடலடிக் குழாய்கள் உள்ளிட்ட அனைத்தையும் சோதித்துச் சான்று பெறாமல் எந்த ரசாயனத்தையும் ஏற்றி இறக்கக் கூடாது என்பதை நிபந்தனையாக்கலாம். துறைமுகத்தின் ஓரிரு நாள் தாமதம் தாங்கக்கூடிய விலைதான். விதிகள் கோரும் அந்த வருடாந்திர ஒத்திகையைப் பெரும்பாலும் ஆலை வாசலுக்குள், பகல் வேளையில், அதிகாரிகள் முன்னிலையில் நடத்தி முடித்துவிடும் பழக்கம் மாற வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் முதல் வாரத்துக்குள், பெரியகுப்பம், சின்னக்குப்பம் தெருக்களிலும் திருவொற்றியூர் மேற்கின் தாழ்வான நகர்களிலும், மக்கள் உறங்கும் இரவு நேரத்தில், சைரன் ஒலித்து அதை நடத்தலாம். முதல் ஒத்திகையில் எத்தனை வீடுகளுக்கு அந்தச் சைரன் கேட்கவில்லை என்று குறித்துக்கொள்வதிலிருந்தே திட்டத்தைத் திருத்தத் தொடங்கலாம்.